ஐந்தாம் எண் குழாய்

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டைக் கொடுத்தவள் ஜெனிஷா. ஈரோட்டில் நாங்கள் போகும் குழந்தைப்பேறு ஆஸ்பத்திரியில் ஆராய்ச்சி செய்கிறாள், நாகர்கோவில் பக்கத்துப் பெண். தினமும் என்ன சாப்பிட்டேன், எத்தனை மணி நேரம் தூங்கினேன், ஊசி எத்தனை மணிக்கு, இதை மட்டும் எழுதினால் போதும் என்றாள். ஒரு நாளுக்கு நாலு வரி இடம் விட்டிருக்கிறது. எனக்கு நாலு வரி எந்த மூலைக்கு? பதினாறு வருஷமாகப் பால் சொசைட்டியில் டெஸ்டர். கட்டத்துக்குள் எண் எழுதி எழுதிக் கை மரத்துப்போனவள். கிடைத்த நோட்டைச் சும்மா விடுவேனா.

காலை: இரண்டு இட்லி. மதியம்: சோறு, தட்டைப்பயறுக் குழம்பு. இரவு: ராகிக் களி. தூக்கம்: ஐந்து மணி நேரம். ஊசி: மாலை ஆறு மணி, தொப்புளுக்கு இடது பக்கம்.

என் பெயர் துளசிமணி. வயது முப்பத்தெட்டு. கல்யாணமாகிப் பதினான்கு வருஷம். டெஸ்ட் டியூப் குழந்தைக்கு இது மூன்றாவது தடவை. முதல் தடவை கரு வளரவே இல்லை. இரண்டாம் தடவை உள்ளே வைத்த பதினோராம் நாள் தூரமாகிவிட்டேன். இதுவும் இல்லையென்றால் இத்தோடு சரி என்று நானும் அவரும் பேசி முடித்துவிட்டோம். அவர் என்றால் ஈஸ்வரமூர்த்தி, மின்வாரியத்தில் லைன்மேன். எந்தக் கம்பத்திலும் ஏறுவார். எனக்கு ஊசி போடும்போது மட்டும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்கிறார். முகத்தைத் திருப்பிக்கொண்டு போட்டால் ஊசி எங்கே போய் இறங்கும்? நானே போட்டுக்கொண்டேன்.

ஜூன் 5, புதன்

ஜெனிஷா என்ன ஆராய்ச்சி செய்கிறாள் என்று எழுதாமல் விட்டுவிட்டேன்.

சினைப்பையில் ஒவ்வொரு முட்டையும் ஒரு சின்னக் குமிழுக்குள் வளர்கிறதாம். குமிழ் நிறைய நீர். முட்டைக்குச் சோறு, தண்ணீர் எல்லாமே அந்த நீர்தான். ஊசியால் குமிழை உறிஞ்சி முட்டையை எடுத்துக்கொண்டு நீரைக் கீழே கொட்டிவிடுவார்கள். அந்தக் கொட்டுகிற நீரைத்தான் அவள் கேட்கிறாள். அதில் சர்க்கரை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு, வைட்டமின் எவ்வளவு என்று அளந்து, எந்த நீரில் கிடந்த முட்டை கருவாகித் தங்கியது என்று ஒப்பிட்டுப் பார்ப்பாளாம்.

"எல்லாத்தையும் ஒரே குழாய்ல ஊத்திருவியா கண்ணு?" என்று கேட்டேன்.

"இல்லக்கா, ஒவ்வொண்ணும் தனித்தனி. கலந்தா எந்த முட்டை எதுல இருந்ததுன்னு தெரியாதுல்லா."

உடனே கையெழுத்துப் போட்டேன். தொழில் தெரிந்தவள். எங்களுக்கும் அதுதானே கணக்கு. ஒவ்வொருவர் பாலிலும் தனியாக மாதிரி எடுக்காமல் எல்லாப் பாலையும் கேனில் ஊற்றிவிட்டு, பிறகு யார் பாலில் தண்ணீர் என்று கேட்டால் கேனா வாயைத் திறந்து சொல்லும்?

சொசைட்டியில் பல் வைத்தியம் என்று சொல்லியிருக்கிறேன். வேர் சிகிச்சை, பல நாள் போக வேண்டும் என்றேன். எல்லோரும் நம்பிவிட்டார்கள். ராமாத்தாள் அக்கா மட்டும், "எந்தப் பல்லு?" என்றாள். வலது கன்னத்தைக் காட்டினேன்.

ராமாத்தாளுக்கு இரண்டு மாடு. வாரத்தில் நாலு நாள் பாலில் தண்ணீர் இருக்கும், நான் திருப்பி அனுப்புவேன். இரண்டு வருஷம் முன்பு ஒருநாள் வரிசையில் நின்றுகொண்டு, "ஊருப் பாலையெல்லாம் வேண்டாம்னு திருப்பறவ வவுத்துல எது தங்கும்?" என்றாள். வீட்டுக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அது இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. போகட்டும், இது சாப்பாட்டு நோட்டு.

மதியம்: கீரை, முட்டை இரண்டு. ஊசி: ஆறு மணி, வலது பக்கம்.

ஜூன் 7, வெள்ளி

ஸ்கேன். குமிழ் ஐந்துதான். போன தடவை ஒன்பது இருந்தது. என்ன சாப்பிட்டேன் என்று நினைவில்லை.

ஜூன் 8, சனி

நோட்டை நேற்று மாலை சொசைட்டி மேசையிலேயே மறந்து வைத்துவிட்டு வந்திருக்கிறேன். காலையில் பதறி அடித்துக்கொண்டு ஓடினேன். வைத்த இடத்திலேயே இருந்தது, மேலே லாக்டோமீட்டர் பெட்டியைக்கூட யாரோ பாரமாக வைத்திருந்தார்கள். நல்லவேளை, ஒருவரும் தொடவில்லை.

ராமாத்தாள் ஒரு தூக்குப்போசியில் பச்சைப்பயறுக் கஞ்சி கொண்டுவந்து கொடுத்தாள். "பல்லு வலிக்கறப்போ மெல்ல முடியாதல்ல, இதக் குடி" என்றாள். எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பாலைத் திருப்பி அனுப்பக் கூடாதென்று கைக்குள் போட்டுக்கொள்ளப் பார்க்கிறாள். அதெல்லாம் என்னிடம் நடக்காது. இன்றைக்கும் அவள் பாலில் தண்ணீர்தான், திருப்பினேன். இன்றைக்குச் சண்டைகூடப் போடாமல் எடுத்துக்கொண்டு போனாள்.

கஞ்சி நன்றாக இருந்தது.

ஜூன் 12, புதன்

ஐந்து குமிழும் தேவையான அளவு வளர்ந்துவிட்டன. பெரியது இரண்டாம் எண். அதன் மேல்தான் எனக்குக் கண்.

முட்டையைப் பழுக்கவைக்கும் ஊசி இன்று ராத்திரி சரியாக ஒன்பதரைக்கு. ஒரு நிமிஷம் முன்பின் ஆகக் கூடாது, அதிலிருந்து முப்பத்தாறாவது மணியில் முட்டை எடுப்பார்கள். இவர் தன் கைபேசி, என் கைபேசி, சுவர்க் கடிகாரம் மூன்றிலும் மணி வைத்துவிட்டு எட்டு மணியிலிருந்தே கடிகாரத்துக்கு எதிரில் உட்கார்ந்துவிட்டார். கம்பத்தில் ஏறப் போகிறவர் மாதிரி பெல்ட்டை வேறு இறுக்கிக்கொண்டார்.

ஒரு ஆச்சரியம். மருந்தையெல்லாம் பிரிட்ஜில் வைத்திருக்கிறேன், கரண்ட் போனால் கெட்டுவிடும் என்று பயந்துகொண்டே இருந்தேன். இந்தப் பத்து நாளில் எங்கள் தெருவில் ஒரு தடவைகூடக் கரண்ட் போகவில்லை. பக்கத்துத் தெருவில் இரண்டு தடவை போனது. இவர் தினமும் டூட்டி முடிந்தும் இருட்டும் வரை டிரான்ஸ்பார்மர் பக்கம் ஏதோ மரக்கிளை வெட்டிக்கொண்டிருக்கிறார். வீட்டுக்கு நேரத்தோடு வாங்களேன் என்று சத்தம் போட்டேன்.

ஜூன் 14, வெள்ளி

முட்டை எடுத்தாயிற்று. மயக்கத்தில் நான் செய்த கூத்தை இவர் சொல்லித்தான் எனக்கே தெரியும்.

கண் விழிக்கும்போது பக்கத்தில் ஜெனிஷா நின்றாள், கையில் ஒரு தாங்கி, அதில் ஐந்து குழாய். நாலு குழாயில் நீர் இளமஞ்சளாக, உருக்கின நெய் போலத் தெளிவாக இருந்தது. ஐந்தாவது சிவப்பு. பார்த்ததும் எழுந்து உட்காரப் போனேனாம். "அஞ்சாம் நெம்பர ஊத்தாதீங்க, மடிநோவு, கேனே கெட்டுப்போயிரும், திருப்பி அனுப்புங்க" என்று கத்தினேனாம். பாலில் ரத்தம் தெரிந்தால் மாட்டுக்கு மடிநோய், அந்தப் பாலை ஒரு சொட்டும் வாங்க மாட்டோம். வாய்ப் பழக்கம். நர்சம்மா ஒருத்தி சிரித்துச் சிரித்துக் கீழே உட்கார்ந்துவிட்டாளாம்.

நன்றாகத் தெளிந்த பிறகு ஜெனிஷாவைக் கேட்டேன். "எக்கா, நீங்க சொன்னதுதான் நடக்கப் போகுது. ஐஞ்சாவது குழாயை என் ஆராய்ச்சியில சேக்க முடியாது, ரத்தம் கலந்துட்டு" என்றாள்.

"பாத்தியா, நீயே திருப்பிட்ட" என்றேன். எனக்குக் கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது. வீட்டுக்கு வந்து படுத்த பிறகுதான் விரல் விட்டு எண்ணினேன். இருப்பதே ஐந்து.

ஜூன் 15, சனி

ஆஸ்பத்திரியிலிருந்து போன். ஐந்து முட்டையில் நாலு விளைந்தது. அதில் மூன்று கருவாகியிருக்கிறது. எண் இரண்டு, மூன்று, ஐந்து. இரண்டாம் எண் இருக்கிறது என்றதும் மற்றது எதுவும் காதில் ஏறவில்லை. இவரிடம் அதைச் சொன்னேன். அவர் மூன்றையும் மூன்று தடவை திருப்பிச் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

மதியம்: கோழிக் குழம்பு, வயிறு முட்ட.

ஜூன் 17, திங்கள்

மூன்றாம் எண் நின்றுவிட்டது. இரண்டும் ஐந்தும் வளர்கின்றன. இவர் சாமி படத்துக்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றார். என்ன வேண்டினீர்கள் என்று கேட்டால் மோட்டார் காயில் எரிந்துவிட்டது அதற்காக என்கிறார்.

ஜூன் 19, புதன்

கொஞ்சம் பெரிதாக எழுத வேண்டிய நாள்.

காலையில் டாக்டர் சுகுணா எதிரே உட்கார்ந்தோம். இரண்டாம் எண் நேற்று நின்றுவிட்டது. மிச்சம் ஒரே ஒரு கரு. எண் ஐந்து.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. வாய் தானாகப் பேசியது. "வேண்டாங்க டாக்டர், இது சரியா வராது. அந்தச் சேப்புக் குழாய்ல இருந்ததுங்க அது. ஜெனிஷாவே வேண்டாம்னு ஒதுக்கிட்டா. வச்சு, பதினோரு நாள் காத்திருந்து, மறுபடியும் அழுகறதுக்கு என்னால ஆகாதுங்க."

டாக்டர் கோபப்படவில்லை. அவரும் பவானிப் பக்கம் மாடு கன்றோடு வளர்ந்தவர். "துளசிமணி, ஊசி போற வழியில சின்னதா ஒரு ரத்தக்குழாய் கீறிருச்சு. அந்த ரத்தம் ஊசியால வந்தது, முட்டையால வந்ததில்ல. நீர அளக்கறவளுக்கு ரத்தம் கலந்தா அளவு தப்பாகும், அதனால ஒதுக்கினா. முட்டைக்கு ஒரு குறையும் இல்ல. கறக்கறப்ப காம்புல நகம் பட்டு ரத்தம் வந்தா மாட்டையே வித்துருவீங்களா?"

பதினாறு வருஷம் பார்த்ததை எப்படி ஒரு நிமிஷத்தில் விடுவது? நிறம் மாறினால் ஒதுக்கு என்றே பழகிய கண்.

அப்போதுதான் இவர் வாயைத் திறந்தார். இரண்டு தடவையும் ஆஸ்பத்திரிக்குள் ஒரு வார்த்தை பேசாத மனுஷன். "அது ஒண்ணும் டெஸ்டுக்கு வரல துளசி. நம்ம வூட்டுக்கு வருது" என்றார்.

அதற்கு மேல் நான் என்ன சொல்ல. போய்ப் படுத்தேன். திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி உள்ளே இறங்கியது தெரிந்தது, கடுகு அளவுகூட இல்லை. பார்த்ததும் எனக்கு அது மேல் ஆசை வந்துவிட்டது. காலையில் வேண்டாம் என்று சொன்னதற்கு மனசுக்குள் மன்னிப்புக் கேட்டேன்.

ஜெனிஷா வந்து பக்கத்தில் நின்றாள். அந்த நாலு மஞ்சள் குழாயில் என்ன இருந்தது, ஏன் ஒன்றும் தேறவில்லை என்று கேட்டேன். "இப்ப எனக்கே தெரியாதுக்கா. உறைய வச்சிருக்கு. நூறு பேரோடது சேந்த பெறவுதான் ஒரேயடியா அளப்போம். அப்பவும் உறுதியாச் சொல்ல முடியுமான்னு பாக்கணும், கேட்டியளா" என்றாள். அளக்கிறவள் தெரியாது என்று சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. நான் அப்படி யாரிடமும் சொன்னதில்லை.

ஜூன் 22, சனி

காலை: தோசை. மதியம்: சோறு, ரசம். இரவு: தோசை. தூக்கம்: படுத்தது எட்டு மணி நேரம், தூங்கியது தெரியாது. இவர் பைக்கை எடுக்கும்போது ஸ்பீடு பிரேக்கருக்கு முன்னால் இறங்கி என்னை நடக்கச் சொல்கிறார். எங்கள் ஊரிலிருந்து மெயின் ரோட்டுக்குப் பதினொரு ஸ்பீடு பிரேக்கர். நடந்தே போயிருக்கலாம்.

ஜூன் 25, செவ்வாய்

சொசைட்டிக்குப் போகத் தொடங்கிவிட்டேன். உட்கார்ந்து டெஸ்ட் எடுக்கிற வேலை மட்டும் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

ஊரில் எல்லோருக்கும் என்ன வந்தது என்று புரியவில்லை. நான் கேனில் கை வைத்தால் ராமாத்தாள் பிடுங்கித் தானே தூக்கி வைக்கிறாள். பால் ஊற்ற வருகிறவர்கள் குனியாமல் எடுக்கும்படி மாதிரியை என் கைக்கே கொண்டுவந்து கொடுக்கிறார்கள். ஒருத்தி மாதுளம்பழம் கொண்டுவந்தாள். இன்னொருத்தி, நிற்காதே, உட்கார் என்று அதட்டுகிறாள். ஒரு பல்லுக்கு இவ்வளவு மரியாதை என்று தெரிந்திருந்தால் எப்போதோ வலி வந்ததாகச் சொல்லியிருப்பேன்.

ஜூன் 30, ஞாயிறு

பதினோராம் நாள். ஒன்றும் ஆகவில்லை. காலையிலிருந்து இருபது தடவை பாத்ரூம் போய்ப் பார்த்துவிட்டேன். ஒன்றும் ஆகவில்லை.

ஜூலை 1, திங்கள்

இன்றைக்கு வந்த பாலில் ஏதோ கோளாறு. மூடியைத் திறந்ததும் குடலைப் புரட்டியது. யார் மாட்டுக்கு என்ன தீனி போட்டார்களோ. நாற்பத்திரண்டு பேர் பாலையும் ஒவ்வொன்றாக மோந்து பார்த்தேன், நாற்பத்திரண்டும் அப்படியே இருந்தன. அளவெல்லாம் சரியாகத்தான் காட்டியது. மெஷினைச் சுத்தம் செய்யச் சொல்ல வேண்டும். ராமாத்தாள் என்னைப் பார்த்து வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்க என்ன இருக்கிறதோ.

ஜூலை 3, புதன்

இருக்கிறது.

ரத்தப் பரிசோதனை எண் நானூற்றுப் பன்னிரண்டு. ஐந்துக்குக் கீழே இருந்தால் இல்லை என்று அர்த்தம். நான் நம்பவில்லை. "இன்னொரு மாதிரி எடுத்துப் பாருங்க, சீட்டு மாறியிருக்கும்" என்று லேபில் சண்டை போட்டேன். நாளை மறுநாள் எப்படியும் இன்னொன்று எடுப்போம் என்று டாக்டர் சுகுணா உள்ளே கூப்பிட்டு என்னை உட்கார வைத்தார். உட்கார்ந்ததும் அழுகை வந்தது. சந்தோஷத்தில் அழுதேன், அதை ஏன் மறைக்க வேண்டும். இவர் வெளியே போய் பைக்கை ஸ்டார்ட் செய்து, நிறுத்தி, மறுபடி ஸ்டார்ட் செய்துகொண்டிருந்தார்.

சாயங்காலம் ராமாத்தாள் சொசைட்டியில் எல்லோரும் போகும் வரை நின்றாள். "பல்லு என்னாச்சு?" என்றாள்.

"சரியாயிருச்சு."

"தங்கிருச்சா?"

உனக்கெப்படித் தெரியும் என்றேன். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நீ நோட்ட மேசை மேல விட்டுட்டுப் போனீல்ல, எனக்கு எழுத்துத் தெரியாது, சரசு படிச்சுக் காட்டினா. எனக்கு அன்னைக்குச் சோறு எறங்கல. நான் பேசுனது ஒரு பேச்சா? வீட்டுக்குப் போய் அழுதீன்னு இத்தன நாளு எனக்குத் தெரியாது கண்ணு. பாலத் திருப்புனா கோவம் வருந்தான். அதுக்காக அந்தப் பேச்சா பேசுவாங்க?"

பால் ஊற்ற வரும் சரசு படித்தாள் என்றால் ஊரே படித்த மாதிரி. ஒரு மாசமாக ஊர் முழுக்கத் தெரிந்துகொண்டு என் பல்லை விசாரித்திருக்கிறார்கள். எனக்கு வெட்கமாகிவிட்டது. ராமாத்தாள் கையைப் பிடித்துக்கொண்டேன். நெஞ்சுக்குள் கிடந்தது போய்விட்டது, நிஜமாகவே போய்விட்டது.

ஜெனிஷா, நீ இதைப் படிக்கும்போது சிரிக்காதே.

ஜூலை 17, புதன்

நோட்டை இன்று ஒப்படைக்க வேண்டும். ஜெனிஷா சாப்பிட்டுவிட்டு வரட்டும் என்று ஆஸ்பத்திரி வாசல் பெஞ்சில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

காலை ஸ்கேனுக்கு இவர் உள்ளே வரமாட்டேன் என்றார். முன்பு இரண்டு தடவையும் நான் ஸ்கேன் அறைக்குள் வந்தேன், இரண்டு தடவையும் ஆகவில்லை, நான் வெளியிலேயே இருக்கிறேன் என்றார். இதை மனசில் வைத்துக்கொண்டுதான் இத்தனை நாள் இருந்திருக்கிறார். டாக்டர் ஆள் விட்டு இழுத்துவரச் செய்தார். தலையில் ஹெல்மெட்டோடு வந்து நின்றார்.

டாக்டர் ஏதோ ஒரு பொத்தானை அமுக்கினார். அறை முழுக்கச் சத்தம். குதிரை ஓடுகிற வேகம். "நூத்தி இருபத்தாறு. நல்லா இருக்குது" என்றார். இவர் ஹெல்மெட்டைக் கழற்றினார், காது கேட்கவில்லையாம். பிறகு, "அதுங்களா டாக்டர்?" என்றார். "வேற யாருன்னு நெனச்சீங்க?" என்றார் டாக்டர்.

ஸ்கேன் அறைக் கதவு காத்திருக்கும் கூடத்துக்குள்தான் திறக்கும். இருபது முப்பது பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருப்பார்கள், மடியில் பைல். அந்தக் கூடத்தில் ஒரு வழக்கம் உண்டு, சுவரில் எழுதியிருக்காது. நல்ல செய்தி கேட்டு வெளியே வருகிறவள் முகத்தில் காட்டக் கூடாது. குனிந்து கைப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டே கேட் வரைக்கும் போய்விட வேண்டும். கேட்டைத் தாண்டி என்ன வேண்டுமானாலும் செய்யலாம். நாலு வருஷமாக நான் அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எத்தனையோ பேர் பையைத் தேடிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். எனக்காகத் தேடுகிறார்கள் என்று தெரியும்.

நானும் அப்படியே செய்தேன். "மூஞ்சிய ஒழுங்கா வச்சுக்கங்க" என்று இவருக்குச் சொல்லிவிட்டுப் பைக்குள் கையை விட்டேன். இவர் இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி பின்னால் வந்தார். இரண்டாவது வரிசை தாண்டும்போது ஒரு பெண் என் மணிக்கட்டைப் பிடித்தாள். நீலச் சுடிதார், என் பைல் அளவுக்கே தடித்த பைல்.

"அக்கா, சத்தம் கேட்டுருச்சுங்களா?"

பொய் சொல்ல முடியவில்லை. தலையை ஆட்டினேன்.

"அப்பறம் எதுக்குங்க்கா பையத் தேடறீங்க? சிரிச்சுட்டுப் போங்க. நாங்களும் ஒரு சிரிப்பப் பாக்கோணுமல்ல."

அவ்வளவுதான். என்னால் அடக்க முடியவில்லை. வாய்விட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள், பக்கத்தில் இருந்தவள் சிரித்தாள், பின் வரிசை, டோக்கன் கொடுக்கும் பெண், எல்லோரும். யாரோ எத்தனை துடிப்பு என்று கேட்டாள். இவர் அழுதுகொண்டே நூற்றி இருபத்தாறு என்று எல்லோருக்கும் சொன்னார், கேட்காதவர்களுக்கும் சொன்னார்.

அந்தப் பெண் பெயர் கலாமணி. பெருந்துறைக்காரி. இது அவளுக்கு நாலாவது தடவை, திங்கட்கிழமை முட்டை எடுக்கிறார்கள். அவள் வீட்டுக்காரருக்கு அன்று லீவு கிடைக்காதாம், தனியாகத்தான் வருவாளாம். கண் விழிக்கும்போது பக்கத்தில் நான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறேன்.